வெண்துகிலும் தீயும்

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் எங்கள் வாணியம்பாடிப் பக்கத்துப் பள்ளிகளிலே பாடம் பின்னுக்குப் போகும். பாட்டும் கூத்தும் முன்னுக்கு வரும். சென்ற ஆண்டு, ஏழாம் வகுப்புப் பெண்கள் பன்னிருவருக்குத் 'தேவதை நடனம்' என்று நிகழ்ச்சி நிரலிலே எழுதப்பட்டது. எழுதியது நானல்ல. ஆயினும் வகுப்பாசிரியை என்ற முறையிலே பொறுப்பு என் தலையிலே விழுந்தது. உடை என்ன? வெள்ளை! இடுப்பிலே இறுகி, அதன்கீழ் அடுக்கடுக்காகப் பூத்து விரியும் வலைத்துணிப் பாவாடை. முதுகிலே வெள்ளி அட்டை இறக்கை. கையிலே எரியும் மெழுகுவத்தி. வாடகைக் கடையிலே ஓர் உடைக்கு 350 ரூபாய்.

காலணித் தொழிற்சாலையிலே மேல்தோல் தைக்கும் தாய் ஒருவர் பணத்தை எண்ணி மேசைமீது வைத்துவிட்டுக் கேட்டார்: "தேவதைன்னா வெள்ளையாத்தான் இருக்கணுமா டீச்சர்? எங்க பாப்பாவுக்கு மஞ்சப் பாவாடை புதுசா இருக்குதே!"

விடை கூறத் தெரியாமல் விழித்தேன். தேவதை வெள்ளைதான் உடுத்துவாள் என்று கண்டது யார்? நம் புராணிகர்களைக் கேட்டால்கூடத் தேவமாதருக்குப் பட்டாடையும் பொன்னணியும் பூமாலையும் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள். கற்பனைதானே, கஞ்சத்தனம் எதற்கு என்று எண்ணினார்கள் போலும்! வெள்ளை வலைத்துணி அவர்கள் சரக்கல்ல. அதன் தடம் பிடித்துப் போனால், வழி பாரிசு நகரத்துக்குப் போகிறது. ஆண்டும் நாளும்கூடச் சொல்லலாம்: 1832, மார்ச் 12.

அன்று மாலை பாரிசு ஆப்பரா அரங்கிலே 'லா சில்ஃபீட்' என்ற பாலே நடனம் முதன்முறையாக ஆடப்பட்டது. அமைத்தவர் ஃபிலிப்போ தாலியோனி; ஆடியவர் அவர் மகள் மரீ தாலியோனி. கதை எளியது. ஸ்காட்லாந்து நாட்டு இளைஞன் ஒருவன், திருமண நாளன்று, மணமகளைத் தவிக்கவிட்டு ஒரு காற்றுக்கன்னியின் பின்னே ஓடுகிறான். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சூனியக்காரி தந்த துகிலை அவள்மேல் போர்த்துகிறான், இறக்கைகள் உதிர்கின்றன, அவள் சாகிறாள். பெண்ணைத் தன்னோடு இருத்திக்கொள்ள ஆடவன் போர்த்திய துணியே அவளைக் கொன்றது என்பது கதை. எழுதியவர் அந்தப் பொருளை எண்ணி எழுதினாரா, நானறியேன். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளின் வரலாறு அந்தக் கதையை மேடைக்கு வெளியே நடத்திக் காட்டிவிட்டது.

தாலியோனி அன்று அணிந்தது இறுக்கமான மேற்சட்டை. கெண்டைக்கால் வரை மணிபோல விரிந்த வெண்ணிறப் பாவாடை. முதுகிலே சிறு இறக்கை. ஓழேன் லாமி என்ற ஓவியர் வடிவமைத்தது என்பர். பாரிசு சொக்கிப் போயிற்று. அதுமுதல் பாலே மேடையிலே ஆவிகளும் அணங்குகளும் பேய்மகளிரும் வெள்ளையுடுத்திக் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினர். 1841இல் வந்த 'ழிசெல்' அதன் உச்சி. காதலனால் ஏமாற்றப்பட்டு மாண்ட குடியானவப் பெண், கல்லறையிலிருந்து வெண்துகிலோடு எழுந்து, ஏமாற்றிய சீமானையே காப்பாற்றுகிறாள்! உயிரோடிருந்தபோது கிடைக்காத மதிப்பு, செத்து வெள்ளை உடுத்திய பின்பு!

இந்தப் பாவாடைக்கு 'டூட்டூ' என்று பெயர். அந்தப் பெயர் தாலியோனி காலத்தது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேதான் வழக்குக்கு வந்தது. பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுக் குழந்தைப் பேச்சிலிருந்து பிறந்தது என்பது பலர் கருத்து. வானுலக உடை, வெண்ணிலாத் துகில் என்றெல்லாம் ஏட்டிலே எழுதினார்கள். வழக்கிலே வைத்த பெயர் இது! அரங்கிலே அமர்ந்திருந்த கண்கள் எங்கே நோக்கின என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தோழர்களே, அந்த உடையின் அழகை நான் மறுக்கவில்லை. அது விண்ணிலிருந்து வந்ததல்ல, மண்ணிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறேன். பெண் பாலேக்காரியின் பாவாடை தரையைத் தொட்டுப் புரண்ட காலம் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே மரீ கமார்கோ என்ற நடனமணி, தன் காலடி வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கணுக்கால் வரை அதைக் குறைத்தபோது கூச்சல் கிளம்பிற்று. தொழில் தெரிந்தவள், தொழிலுக்காகச் செய்துகொண்ட மாற்றம் அது. 1832இன் பாவாடைக்குப் பின்னே வேறு பல கைகள் இருந்தன. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் உரிமம் பெற்ற வலைத்துணிப் பொறி, கையால் மாதக்கணக்கில் பின்னவேண்டியதைக் கெசக்கணக்கிலே கொட்டத் தொடங்கியிருந்தது. வயிறு எரிந்த தொழிலாளர் 1816இல் அவருடைய ஆலையிலே புகுந்து பொறிகளை நொறுக்கினர் என்பதும் அந்த வலைத்துணியின் வரலாற்றிலே சேர்ந்ததுதான். வலைத்துணியோடு, கஞ்சி போட்டு விறைப்பேற்றிய மெல்லிய பருத்தித் துணியும் பாவாடை அடுக்கிலே சேர்ந்தது. 1822இல் பாரிசு ஆப்பராவுக்கு எரிவாயு விளக்கு வந்தது. மங்கலான நீல ஒளியை மேடையிலே படரவிட முடிந்தது. அந்த ஒளியிலே எந்த நிறம் எடுபடும்? வெள்ளை. எந்தத் துணி மிதக்கும்? வலைத்துணி. 1831இல் 'ராபர்ட் என்னும் பேயன்' ஆப்பராவிலே கல்லறைகளிலிருந்து கன்னித்துறவியர் எழுந்து ஆடிய காட்சியிலே, இந்த வெள்ளையும் அந்த ஒளியும் முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. ஆக, தேவதை வெள்ளை உடுத்தியது புனிதத்தால் அல்ல, எரிவாயுவால்!

அந்த மிதப்புக்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். தாலியோனி இயற்கையிலே எடுப்பான தோற்றம் உடையவரல்லர். 1822இல் வியன்னாவிலே அரங்கேறு முன்பு, தந்தை அவரை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வாட்டி எடுத்தார். விரல்நுனியிலே நின்றாரே, அதற்கு இன்றுள்ளதுபோலக் கெட்டியான முன்பெட்டி வைத்த செருப்பும் அன்று கிடையாது. மெல்லிய பட்டுச் செருப்பு. அடியிலே ஒரு துண்டுத் தோல். நுனியிலே ஊசிநூலால் தைத்த அடர்ந்த தையல். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எலும்பும் தசையும். ருசிய நாட்டு ரசிகர்கள் அவருடைய செருப்பை ஏலத்திலே எடுத்துச் சமைத்துத் தின்றார்கள் என்றொரு கதை உண்டு. எங்கள் ஊர்த் தோல் மண்டியிலே இதைச் சொன்னேன். சுண்ணாம்புத் தொட்டியிலே நாற்பது ஆண்டு நின்ற பெரியவர் ஒருவர், "எந்தப் பதத்துத் தோலும்மா அது?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு எந்த விமரிசனத்தையும்விடப் பெரிதாகப் பட்டது. சென்னையிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பளபளக்கும் காலணியிலே தொட்டியின் நாற்றம் வீசுவதில்லை, பாலாற்றங்கரையிலே வீசும். தாலியோனியின் மிதப்பும் அப்படிப்பட்டதே.

மேடையிலே உடலற்ற ஆவி. சரி, மேடைக்குப் பின்னே? 1831இல் ஆப்பராவின் நிருவாகியாக வந்த வெரோன் என்பவர் கைதேர்ந்த வணிகர். நடனமாதர் ஆடுமுன் உடலைப் பழக்கிக்கொள்ளும் கூடத்தைச் சந்தா கட்டிய சீமான்களுக்குத் திறந்துவிட்டார். உயர்ந்த குலத்துக் கோமான்கள், வங்கி முதலாளிகள், பத்திரிகைப் புலிகள் எல்லோரும் அங்கே கூடினர். ஆடவந்த பெண்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சின்னஞ்சிறு மாணவியருக்கு 'ஆப்பராவின் குட்டி எலிகள்' என்று பெயர். சம்பளம் போதாது, ஆதரவாளர் வேண்டும், ஆதரவுக்கு விலை உண்டு. வெள்ளை உடையிலே அவளைக் கைக்கெட்டாத கன்னி என்று கைதட்டியவர், இடைவேளையிலே அவள் கைக்கு என்ன விலை என்று விசாரித்தார். இந்த இரண்டும் முரண் என்று சிலர் கருதுவர். எனக்கு முரணாகத் தோன்றவில்லை. கைக்கெட்டாதவள் என்று மேடையிலே காட்டுவதனாலேதான் திரைக்குப் பின்னே விலை ஏறியது. கோயில் தூணுக்குப் பின்னே நின்றிருந்த நம் மிராசுதாரர்களுக்கு இந்தக் கணக்கைப் பாரிசுக்காரர் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு இங்கே 'தேவரடியாள்' என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

இனி, தீ.

எரிவாயுச் சுடர்கள் மேடையோரத்திலும் பக்கத் தட்டிகளிலும் திறந்தபடி எரிந்தன. காற்றிலே மிதக்கும் துணி எதுவோ, அது தீயிலும் மிதக்கும். 1844 டிசம்பர் 14 அன்று, இலண்டன் துரூரி லேன் அரங்கிலே கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனமணியின் உடை விளக்கிலே பட்டுப் பற்றியது. மூன்றாம் நாள் மாண்டார். 1861இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, மேடைக்கு மேல் உடைமாற்றும் அறையிலே ஒருத்தியின் உடை பற்ற, அணைக்க ஓடியவர் உடையும் பற்ற, கேல் சகோதரிகள் உள்ளிட்ட நடனமாதர் பலர் செத்தனர். ஒருத்தி எரிந்தால் உதவிக்கு வருபவளும் எரிவாள். அத்தகைய சீருடை அது!

பாரிசு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கார்த்தெரோன் என்பவர் துணியை உப்புக் கரைசலிலே தோய்த்துத் தீப்பற்றாமற் செய்யும் முறையைக் கண்டார். 1859இல் அரங்குப் பொருள்களுக்கு அது கட்டாயம் என்று ஆணையும் பிறந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்தது. வெண்மை மங்கிப் பழுப்பேறிற்று. தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை ஏற்க மறுத்தார். தன் சொந்தப் பொறுப்பிலே வழக்கமான பாவாடையையே அணிந்து ஆடுவதாக 1860இல் எழுதியும் கொடுத்தார்.

அதே 1860ஆம் ஆண்டு நவம்பரிலே, தாலியோனி தம் மாணவிக்காக அமைத்த 'வண்ணத்துப்பூச்சி' என்ற பாலே அரங்கேறியது. வண்ணத்துப்பூச்சியாக மாற்றப்பட்ட பெண் சுடரை நாடிப் பறந்து, இறக்கை பொசுங்கிக் கீழே விழுகிற கதை. பாரிசு கைதட்டியது. இரண்டு ஆண்டு கழிந்தது. 1862 நவம்பர் 15, வேறொரு நாடகத்துக்கான ஒத்திகை. ஊமைப் பெண் வேடம் லிவ்ரிக்கு. தம் முறைக்காகக் காத்திருந்தவர், பாவாடை கசங்கிவிடக் கூடாதே என்று அதை உதறித் தூக்கினார். பக்கத்துச் சுடர் பற்றிக்கொண்டது. எரிந்தபடியே மேடையிலே ஓடினார். எரிகிற துணியையே மானத்துக்காக உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள். எட்டு மாதம் துடித்து, 1863 சூலை 26 அன்று இறந்தார். வயது இருபது. எரிந்துபோன அந்த உடையின் எச்சம் பாரிசு ஆப்பராவின் அருங்காட்சியகத்திலே இன்றும் இருக்கிறது.

'அவளாகத்தானே மறுத்தாள்; அரங்கத்தார் என்ன செய்வார்கள்?' என்று ஒரு கேள்வி எழும். எழத்தான் செய்யும். லிவ்ரியின் தாயும் ஆப்பரா நடனமாது. தந்தை, மணக்காத ஒரு பிரபு. பிறப்பைச் சுட்டியே அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவளுக்கு இருந்த ஒரே உடைமை, மேடையிலே எடையற்றவளாகத் தோன்றும் ஆற்றல். விறைத்த பழுப்புப் பாவாடையிலே அந்த ஆற்றல் போய்விடும்; போனால் கைதட்டல் போகும்; பிழைப்பும் போகும். உயிரா உடையா என்று அவளைக் கேட்டவர்கள், உடையில்லாவிட்டால் உன்னை யார் பார்ப்பார் என்பதையும் அவளுக்கு முன்னமே கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையிலே ஒருத்தி இட்ட கையெழுத்தை விருப்பம் என்று நான் எழுதமாட்டேன். எங்கள் பகுதியிலே கையுறையும் காலுறையும் கொடுத்தால் வேலை மந்தமாகிறதென்று வெறுங்கையோடு இரசாயனத் தொட்டியிலே இறங்கியவர்களைப் பார்த்து, 'அவர்களே வேண்டாம் என்றார்கள்' என்று சொன்ன மேற்பார்வையாளர்களை நான் அறிவேன்.

இதுவரை சொன்னது பிறர் நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் பெண்கள் இந்தக் கதைக்குள்ளே வருகிறார்கள். 'லா சில்ஃபீட்'டுக்கு முன்பே, 1830இல், தாலியோனி 'கடவுளும் பயதேரும்' என்ற படைப்பிலே இந்தியத் தாசியாக ஆடினார். பயதேர் என்பது போர்த்துகீசியர் வாய்ச்சொல்லிலிருந்து வந்தது. ஆடுபவள் என்று பொருள். அந்தத் தாசிக்கும் வெள்ளை மெல்லுடைதான்! பார்த்தறியாத பெண்ணுக்கு, தாங்கள் பார்க்க விரும்பிய உடையை மாட்டிவிட்டார்கள். எட்டாண்டு கழித்து, 1838இல், உண்மையான தாசிகளே பாரிசுக்கு வந்து சேர்ந்தனர். கடலூர்ப் பக்கத்துத் திருவேந்திபுரத்திலிருந்து ஐந்து பெண்களையும் மூன்று இசைக்காரரையும் தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் பேசிக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். பதினெட்டு வயது அம்மணி அவர்களிலே பேர்பெற்றவர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பாரிசு வாரியத்தே அரங்கிலும், பின்னர் இலண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். சேலை, கால்சட்டை, பொன்னணி, சலங்கை ஆகியவற்றோடு ஆடினர். சுழன்றாடிக்கொண்டே துணியை மடித்துப் புறாவும் மரமும் ஆக்கிக் காட்டும் ஆட்டம் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. துணியால் தங்களை ஆவியாக்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரியாது. துணியால் ஒரு பொருளைச் செய்து காட்டத் தெரியும்.

தெயோஃபீல் கோத்தியே என்ற கவிஞர், பின்னர் 'ழிசெல்' கதையை உருவாக்கியவர்களில் ஒருவர், அவர்களைப் பற்றி ஏட்டிலே நீளமாக எழுதினார். அம்மணியின் நிறம் என்ன, கண் என்ன, கால்விரல் என்ன என்று அங்கம் அங்கமாக வர்ணித்தார். ஆட்டத்தைவிட ஆளைப் பற்றியே அதிகம்! தாலியோனியைக் கிறித்துவ நடனக்காரி, அவருடைய போட்டியாளர் ஃபனி எல்ஸ்லரைப் புறச்சமய நடனக்காரி என்று பிரித்து எழுதியவரும் அவரே. ஒருத்தி ஆவி, ஒருத்தி சதை, மூன்றாமவள் கீழ்த்திசைப் புதுமை. மூவரும் தொழிலாளிகள் என்பது மட்டும் அந்தக் கூரிய பேனாவுக்கு எட்டவில்லை. பார் என்ற சிற்பி தாலியோனிக்கும் எல்ஸ்லருக்கும் சிறு உருவச்சிலை செய்தார், அம்மணிக்கும் செய்தார். ஒரே சிற்பியின் கை, ஒரே காலம். அந்த மூன்று சிலைகளையும் ஒரு மேசைமீது வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், நான் பாரிசுக்குப் போவேன், இல்லாவிட்டால் வேண்டாம்.

நூறாண்டு கழித்து, அந்த வெள்ளைப் பாவாடையின் நிழல் நம் சென்னையிலும் விழுந்தது. பாலே உலகின் பேரரசியாக விளங்கிய அன்னா பாவ்லோவாவைக் கண்டு மயங்கிய ருக்மிணி தேவி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா கூறியதாகச் சொல்வர். தேடினார், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்றார், 1935 டிசம்பரிலே அடையாற்றிலே ஆடினார், 1936இல் கலாச்சேத்திரத்துக்கு வித்திட்டார். ஆட்டத்தின் பெயர் பரதநாட்டியம் ஆயிற்று. உடையும் மாறிற்று. சுற்றிக் கட்டிய சேலை போய், தைத்து மாட்டும் விசிறிக் கொசுவம் வந்தது. சிருங்காரம் அடக்கப்பட்டது. பக்தி ஏற்றப்பட்டது.

பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடியதும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதி மிராசுகளின் முகமூடியைக் கிழித்ததும், 1947இல் சட்டம் வந்ததும் நமக்கெல்லாம் பெருமை. அதிலே எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தைத்த உடை ஆடுவதற்கு வசதியானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கமார்கோவின் கத்தரிக்கோலைப் புகழ்ந்துவிட்டு இதை இகழ்ந்தால் நேர்மையாகாது. ஆனால் கேடு இருந்தது உடையிலா? சேலையிலா? சிருங்காரத்திலா? காசு கொடுத்தவனிடத்திலே இருந்தது. கடவுள் பெயரால் அதற்கு முத்திரை குத்தியவனிடத்திலே இருந்தது. அவனைத் தொடாமல், ஆட்டத்தைத் 'தூய்மை' செய்கிறோம் என்றவர்கள், தலைமுறை தலைமுறையாக ஆடிய வீட்டுப் பெண்ணை மேடையை விட்டு இறக்கினார்கள். தூய்மையான உடை மேல்சாதி வீட்டுப் பெண்ணுக்குத் தைக்கப்பட்டது. பாலசரசுவதி அம்மையார் மட்டும் சேலையைச் சேலையாகவே கட்டி, சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று கடைசிவரை வாதாடினார். ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்று சபா விமரிசகர்கள் வியந்திருக்கிறார்கள். எனக்கு வியப்பில்லை. உடலை மறைத்துவிட்டால் உழைப்பும் மறைந்துவிடும் என்பது ஆடும் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா?

மறுபடி எங்கள் பள்ளிக்கு வருகிறேன். வாடகைக் கடையிலிருந்து வந்த உடைகளை மேசைமீது பரப்பினேன். இன்றைய வலைத்துணி பருத்தியல்ல, நைலான். ஓரத்திலிருந்து நூலளவு வெட்டி, முற்றத்திலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். சுருங்கி, உருகி, சொட்டாக விழுந்து கல்லிலே ஒட்டிக்கொண்டது. மாணவியர் பன்னிருவரும் சுற்றி நின்று பார்த்தனர். எம்மா லிவ்ரியின் கதையைச் சொன்னேன். "எட்டு மாசமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். வேறெதுவும் யாரும் பேசவில்லை.

மேலிடத்திலே கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஒத்திகை முடிந்த பிறகு மாற்றலாமா, விருந்தினர் என்ன நினைப்பார் என்றார்கள். உடைகள் கடைக்குத் திரும்பின. பெற்றோர் கட்டிய பணத்திலே பாதி திரும்பிற்று. பெண்கள் வீட்டிலிருந்த பருத்திப் பாவாடைகளைக் கொண்டுவந்தனர். மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ நிறம், ஒருத்தி மட்டும் வெள்ளை. மெழுகுவத்திக்குப் பதில் பாட்டரி விளக்கு. 'தேவதை நடனம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று கேட்டேன். அதற்குள் அவர்களுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது. தலைப்பைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

"இறக்கை மட்டும் இருக்கட்டும் டீச்சர்," என்றார்கள்.

வெள்ளி அட்டைதானே, இருக்கட்டும் என்றேன்.